வழுவும் வழுவமைதியும்: அப்பாவின் ஒரு குறுஞ்செய்தி கற்பித்த பாடம்

எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். துணைப்பாட வகுப்பின் பதாகையில் 'விடா முயற்ச்சி' என்று இருந்தால் அந்தப் பக்கம் மீண்டும் பார்க்க மாட்டேன். திருமண அழைப்பிதழில் 'மனமக்கள்' என்று அச்சாகியிருந்தால் மணமேடை வரைக்கும் அந்தச் சொல்தான் என் கண்முன் நிற்கும். உணவகச் சுவரில் 'வெளி உணவு கொண்டு வர கூடாது' என்று எழுதியிருந்தால், வராமல் போன அந்த ஒற்றெழுத்தைத் தேடிக்கொண்டே சாப்பிடுவேன்.

கழகச் செயலவையில் எனக்குக் கிடைத்த பொறுப்பும் இந்தக் குணத்துக்கு ஏற்றதாகவே அமைந்தது. அழைப்பிதழ், அறிக்கை, பதாகை என எதுவாக இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன் என் கையைக் கடந்தாக வேண்டும். நண்பர்கள் எனக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்தார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மொழியை நேசிப்பவருக்குப் பிழையைக் கண்டு கோபம் வருவது தவறு அல்ல என்பது அன்றைய என் எண்ணம்.

கடந்த ஆண்டு, தேர்வு முடிவு நன்றாக வந்திருந்த ஒரு நாள், அப்பா குடும்பப் புலனக் குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழ் படித்தவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர். இன்று லோரி ஓட்டுகிறார். அவருடைய அனுமதியோடு அந்தச் செய்தியை இங்கே அப்படியே தருகிறேன்.

"என் ராசாவுக்கு வாழ்த்துக்கள். உன் முயற்ச்சி வீண் போகவில்லை. இந்த பிள்ளைக்கு அப்பாவாக இருப்பது எனக்கு பெருமை. நாளை உன்னைப் பார்க்க வருகிறேன். தயாராக இருடா."

அதற்கு நான் அனுப்பிய பதிலில் ஆறு திருத்தங்கள் இருந்தன. 'வாழ்த்துக்கள்' வாழ்த்துகள் ஆனது. 'முயற்ச்சி' முயற்சி ஆனது. 'இந்த பிள்ளை' இந்தப் பிள்ளை ஆனது. 'எனக்கு பெருமை' எனக்குப் பெருமை ஆனது. நாளை என்பதால் 'வருகிறேன்' வருவேன் ஆனது. கடைசியாக, நான் மகள். 'ராசா' என்றும் 'இருடா' என்றும் சொல்லக் கூடாது என்று ஒரு சிரிப்பு முகத்தோடு எழுதினேன். நன்றி சொல்ல மட்டும் மறந்துவிட்டேன்.

அப்பா "சரிம்மா" என்று மட்டும் பதில் போட்டார். மறுநாள் வந்து அழைத்துப் போனார். பிறகு நான்கைந்து மாதங்களுக்கு அவரிடமிருந்து தமிழில் ஒரு வரிகூட வரவில்லை. பண்டிகைக்குப் பூப்படம் வந்தது. கேள்விக்குக் கட்டைவிரல் வந்தது. நான் கவனிக்கவே இல்லை. அம்மாதான் ஒரு நாள் சொன்னார்: "எழுதினா தப்பா இருக்கும், பிள்ளை படிச்ச பிள்ளைன்னு சொல்றாரு."

அதன் பிறகுதான் அந்த ஆறு திருத்தங்களையும் இலக்கண நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். ஆறில் மூன்றுதான் உண்மையான பிழைகள். ஒன்றில் தமிழறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. மற்ற இரண்டும் பிழையே அல்ல. நம் இலக்கணம் பல நூற்றாண்டுகளாகப் பெயர் வைத்து ஏற்றுக்கொண்டவை. நான் கண்டறிந்ததைப் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பிழை எங்கே பிறக்கிறது?

நம்மில் பலருக்கு மூன்று மொழிகளில் எழுத வேண்டிய நிலை. மூன்றிலும் அடிக்கடி வரும் பிழைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும்.

ஆங்கிலத்தில் 'இட்ஸ்' என்னும் ஒலிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உள்ளன. 'அதனுடைய' என்னும் பொருளில் வருவதற்கு மேற்குறி கிடையாது. 'அது இருக்கிறது' என்பதன் சுருக்கத்துக்கு மேற்குறி உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றே. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

மலாயில் 'டி' என்னும் சிறு சொல் இருக்கிறது. அது இடத்தைக் குறித்தால் பிரித்து எழுத வேண்டும். 'டி ரூமா' என்றால் வீட்டில். செயப்பாட்டு வினையின் முன்னொட்டாக வந்தால் சேர்த்து எழுத வேண்டும். 'டிபாச்சா' என்றால் வாசிக்கப்படுகிறது. இங்கேயும் காதுக்கு வேறுபாடு இல்லை. அறிவிப்புப் பலகைகளில் இந்தப் பிழையை நாம் எத்தனையோ முறை பார்த்திருப்போம்.

தமிழில் இதற்கு இணையானவை ல, ள, ழ எழுத்துகளும் ர, ற எழுத்துகளும் ன, ண எழுத்துகளும். நம் அன்றாடப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. ர, ற வேறுபாடும் கேட்பதில்லை. பணி, பனி, கரை, கறை, மனம், மணம் ஆகியவற்றை ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும், காது உதவாது. ஆகவே 'மனமக்கள்' என்று எழுதியவர் சோம்பேறி என்று நான் நினைத்தது அநியாயம். தமிழை அதிகம் பேசி, குறைவாகப் படித்தவர் அவர். அவ்வளவே.

இதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில், முதலாம் படிவத்தில், என் மலாய்க் கட்டுரையில் 'டி' தவறாக இருந்த ஒரு வாக்கியம் வகுப்பில் சத்தமாக வாசிக்கப்பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் எனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களை மட்டுமே வைத்துக் குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதினேன். பிழை குறைந்தது உண்மைதான். ஆனால் மனத்தில் நினைத்ததை எழுதவில்லை. அதே காரியத்தைத்தான் அப்பாவுக்கு நான் செய்திருக்கிறேன்.

முதல் வகை: உண்மையான பிழைகள்

இனி அப்பாவின் செய்திக்கு வருவோம். 'முயற்ச்சி' பிழைதான். ஆனால் அது காரணமில்லாமல் வரும் பிழை அன்று.

வளர்ச்சி, மகிழ்ச்சி, தளர்ச்சி, வாழ்க்கை என்று தமிழில் ஏராளமான சொற்களில் ஒரு மெய்யெழுத்தை அடுத்து இன்னொரு மெய் வருகிறது. இப்படி வர இடம் கொடுப்பவை ய், ர், ழ் ஆகிய மூன்று மட்டுமே. பாய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று வைத்துக்கொள்ளலாம். ட், ற் ஆகிய இரண்டும் வல்லின மெய்கள். அவற்றை அடுத்து இன்னொரு மெய் வராது. முயற்சி, பயிற்சி, கற்பனை, அதற்கு, காட்சி, ஆட்சி, கட்சி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விதி போதும்.

ஏன் என்று தெரிந்தால் மறக்காது. முயல் என்னும் வினையோடு 'சி' விகுதி சேரும்போது லகரம் றகரமாகத் திரிகிறது, முயல், முயற்சி. பயில், பயிற்சி என்பதும் அப்படியே. ஆள் என்பது ஆட்சி ஆகும்போது ளகரம் டகரமாகிறது. காண் என்பது காட்சி ஆகும்போது ணகரம் டகரமாகிறது. அந்த ற், ட் இரண்டுமே புணர்ச்சியின் அழுத்தத்தை வாங்கிக்கொண்டவை. அதன் மேல் இன்னொரு 'ச்' ஏற்றுவது ஒரே சுமையை இரண்டு தடவை ஏற்றுவதாகும். 'முயற்ச்சி' என்று எழுதுபவர் வளர்ச்சியைப் பார்த்து முயற்சியை எழுதுகிறார். விதி தெரியாதபோது பழகிய சொல்லைப் பின்பற்றுகிறார்.

அடுத்தவை இரண்டும் வலிமிகுதல் தொடர்பானவை. இந்தப் பிள்ளை, எனக்குப் பெருமை. நாம் பள்ளியில் வலிமிகும் இடங்கள், வலிமிகா இடங்கள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். நான் யு.பி.எஸ்.ஆர். எழுதிய காலத்தில் தமிழ்மொழிக்குக் கருத்துணர்தல், கட்டுரை என இரண்டு தாள்கள் இருந்தன. 2021-ஆம் ஆண்டில் அந்தத் தேர்வு அகற்றப்பட்டது. தேர்வு போனாலும் அது பழக்கிய எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. பிழை என்றால் புள்ளி குறையும்; அதற்கு மேல் இலக்கணத்துக்கு வேறு பயன் உண்டா என்று நான் யோசித்ததே இல்லை.

வலிமிகுதல் உண்மையில் பொருளோடு தொடர்புடையது. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. ஒரே ஓர் ஒற்றில் பொருள் மாறிவிடுகிறது. 'வெற்றிலை பாக்கு' என்றால் வெற்றிலையும் பாக்கும். இரண்டும் சமமாக நிற்பதால் ஒற்று வராது. 'மரப்பலகை' என்றால் மரத்தால் ஆன பலகை. ஒன்று மற்றொன்றோடு உறவு கொள்வதால் ஒற்று வருகிறது.

ல, ள, ழ விஷயத்தில் கைவிட்ட காது இங்கே நமக்குத் துணைக்கு வரும். 'இந்தப் பிள்ளை', 'வந்த பிள்ளை' ஆகிய இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் உதடு அழுந்தி நிற்கும். இரண்டாவதில் அந்த அழுத்தம் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேச்சில் இந்த வேறுபாட்டைச் சரியாகச் செய்வார். அன்றாட எழுத்துக்குப் பின்வரும் இடங்களை நினைவில் வைத்தாலே பெரும்பாலான பிழைகள் நீங்கிவிடும்.

வல்லினம் மிகும் இடங்கள்:
அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்: அந்தக் கடை, எந்தப் பாடம்.
'ஐ' உருபு வெளிப்படையாக வந்தால்: தமிழைப் படித்தேன், உன்னைப் பார்க்க.
'கு' உருபு வெளிப்படையாக வந்தால்: பள்ளிக்குச் சென்றேன், எனக்குப் பெருமை.
வர, போக, செய்ய போன்ற எச்சங்களின் பின்: வரச் சொன்னார், போகக் கூடாது.

வல்லினம் மிகாத இடங்கள்:
ஒரு, பல, சில என்பவற்றின் பின்: ஒரு கடை, பல பாடங்கள்.
பெயரெச்சத்தின் பின்: வந்த பையன், படித்த புத்தகம்.
உம்மைத் தொகையில்: செடி கொடி, தாய் தந்தை.
வினைத்தொகையில்: ஊறுகாய், சுடுசோறு.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா 'உன்னைப் பார்க்க' என்று சரியாக எழுதியிருந்தார். யாரும் அவருக்கு இரண்டாம் வேற்றுமை விரி என்று சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. சொல்லிக் கொடுத்திருந்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். காதை நம்பி எழுதியிருக்கிறார். ஆறு பிழைகளைத் தேடி எடுத்த என் கண்ணில் அந்தச் சரியான ஒற்று படவில்லை.

இரண்டாம் வகை: ஒரே முடிவு இல்லாதவை

'வாழ்த்துக்கள்' என்பது எனக்கு மிக எரிச்சலூட்டிய சொல். வாழ்த்தோடு கள்ளைச் சேர்க்காதீர்கள் என்னும் பழைய கேலியை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

விகுதி சேரும் முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பூ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களில் பூக்கள், ஈக்கள் என்று ஒற்று மிகும். பசு, தெரு போன்று இரண்டு குறில்களால் ஆகி உகரத்தில் முடியும் சொற்களில் பசுக்கள், தெருக்கள் என்று மிகும். மாடு, வீடு, வண்டு போன்ற குற்றியலுகரச் சொற்களில் மிகாது. மாடுகள், வீடுகள், வண்டுகள். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் வன்தொடர்க் குற்றியலுகரத்தில் வருகிறது. எழுத்து, கருத்து, வாழ்த்து ஆகியவை இந்த வகை. 'கள்' என்பது தனிச்சொல் அன்று, விகுதி. ஆகவே மிக வேண்டியதில்லை என்பது ஒரு சாரார் கருத்து. அவர்கள் எழுத்துகள், வாழ்த்துகள் என்று எழுதுவார்கள். வன்தொடர்க் குற்றியலுகரத்தை அடுத்து வல்லினம் மிகுவது தமிழின் இயல்பு, எழுத்துப் பிழை, பாட்டுக் கச்சேரி என்கிறோமே, வழக்கிலும் எழுத்துக்கள் என்பது வேரூன்றிவிட்டதே என்பது மற்றொரு சாரார் வாதம். இரு வடிவங்களும் நல்ல நூல்களிலும் நாளிதழ்களிலும் அச்சேறி வருகின்றன.

நான் முதல் கருத்தையே ஏற்கிறேன். இந்தக் கட்டுரையிலும் 'எழுத்துகள்' என்றே எழுதியிருக்கிறேன். கழக வெளியீட்டில் ஒரே வடிவத்தைப் பின்பற்றுவது ஒழுங்கு. ஆனால் ஒரு வெளியீட்டுக்கான ஒழுங்கை எடுத்துக்கொண்டு போய், மகளை வாழ்த்தும் அப்பாவின் மேல் சட்டமாகச் சுமத்த எனக்கு உரிமை இல்லை. இரு பக்கமும் வாதம் உள்ள ஒன்றைப் 'பிழை' என்று சொன்னது என் அரைகுறைப் படிப்பு.

மூன்றாம் வகை: பிழையே அல்லாதவை

இந்தப் பகுதியில்தான் எனக்கு உண்மையாகவே வெட்கம் வந்தது.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல்லதிகாரத்தின் பொதுவியலில் வழுக்களைப் பற்றிப் பேசுகிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும். விதிப்படி அமைந்த தொடர் வழாநிலை. விதியிலிருந்து பிறழ்ந்தது வழு. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. விதியிலிருந்து பிறழ்ந்தாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இதை இடைநிலைப்பள்ளியில் மூன்று வரி விளக்கமாகப் படித்து, தேர்வில் எழுதி, மறந்திருந்தேன்.

திணையும் பாலும் மாறி வருவதற்கு நன்னூலார் ஐந்து காரணங்களை ஏற்கிறார்: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு. தன் பசுவை ஒருவர் அன்போடு 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் அது திணை வழுவமைதி. பெண் குழந்தையைப் பாட்டி 'வாடா ராசா' என்று கொஞ்சினால் அது பால் வழுவமைதி. இலக்கண ஆசிரியர்கள் காலங்காலமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் இவை. அப்பாவின் 'ராசா'வும் 'இருடா'வும் இந்த வகையைச் சேர்ந்தவை. மகிழ்ச்சியில் பால் மாறும் என்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. இலக்கணம் படித்த மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

காலம் மாறி வருவதற்கு நான்கு காரணங்கள்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நண்பர் வெளியிலிருந்து அழைத்தால் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோம். இன்னும் கைகூடக் கழுவவில்லை. ஆனாலும் இறந்தகாலத்தில் சொல்கிறோம். அது விரைவு. நாளை நடக்கப்போவதை ஐயமில்லாமல் அறிந்திருந்தால் 'நாளை வருகிறார்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அது தெளிவு.

அப்பா 'நாளை உன்னைப் பார்க்க வருகிறேன்' என்று எழுதினார். அவர் விடுப்பு எடுத்துவிட்டார். காருக்கு எண்ணெய் போட்டுவிட்டார். எந்த நேரம் புறப்படுவது என்றும் முடிவு செய்துவிட்டார் என்று அம்மா பிறகு சொன்னார். வருவதில் அவருக்குத் துளியும் ஐயம் இல்லை. அந்த உறுதியைத்தான் அவருடைய நிகழ்காலம் சொன்னது. நான் திருத்திக் கொடுத்த 'வருவேன்' இலக்கணப்படி சரி. ஆனால் அவர் சொல்ல வந்ததைவிடச் சற்றுக் குறைவானது.

திருத்துநரின் பிழைகள்

பிறர் பிழையைத் தேடுபவருக்குத் தன் பிழை தெரிவதில்லை. இக்கட்டுரையின் இரண்டாம் பத்தியில் 'கோபம் வருவது தவறு அல்ல' என்று எழுதியிருக்கிறேன். பழைய விதிப்படி அது வழு. அஃறிணை ஒருமைக்கு 'அன்று', பன்மைக்குத்தான் 'அல்ல'. அதுபோல அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், நான் அல்லேன் என்று எழுத வேண்டும். இன்று 'அல்ல' என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. கட்டுரைகளிலும் செய்திகளிலும் அதைத்தான் பார்க்கிறோம். நானும் யோசிக்காமல் அப்படித்தான் எழுதுகிறேன். இன்னோரிடத்தில் 'பிழை அன்று' என்றும் எழுதியிருக்கிறேன். வாழ்த்துக்களைத் திருத்திய கை, அல்லவைத் திருத்தவில்லை. நான் செய்வது வழக்கு. அப்பா செய்வது பிழை என்றா சொல்ல முடியும்? காலத்துக்கு ஏற்பப் பழைய வழக்குகள் சில மறைவதும் புதியவை சில இடம்பிடிப்பதும் குற்றமாகா என்று நன்னூலின் இறுதி நூற்பாவே இதற்கு வழிவிட்டிருக்கிறது.

வழக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாத பிழைகளும் என்னிடம் உண்டு. கழக நிகழ்ச்சி ஒன்றின் பதாகைக்கு நானே எழுதிய வரி: 'ஒவ்வொரு மாணவர்களும் கலந்துகொள்ளலாம்'. அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முதல்நாள் இரவு, முதலாமாண்டு மாணவி ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "அக்கா, இந்த வரியை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்களேன்." வாசித்தேன். 'ஒவ்வொரு' என்றால் ஒருமை. 'ஒவ்வொரு மாணவரும்' என்றோ 'எல்லா மாணவர்களும்' என்றோதான் வர வேண்டும். நானே கண்டுபிடித்து நானே திருத்தினேன். அவர் குழுவில் போட்டிருந்தால் முப்பது பேர் பார்த்திருப்பார்கள். எனக்கு இந்த விதி இனி மறக்காது. அந்த மாணவி மேல் வருத்தமும் இல்லை. அதே காரியத்தை அவர் எவ்வளவு மென்மையாகச் செய்தார் என்பதை நினைக்கும்போது அப்பாவுக்கு நான் அனுப்பிய பதில் கண்முன் வந்தது.

எதைத் திருத்துவது, எப்படித் திருத்துவது?

இவ்வளவும் சொன்னதால் பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பது என் முடிவன்று. கழகத்தின் பெயரில் வெளிவரும் ஒரு பதாகையில் 'நிகழ்ச்சிகள் நடைபெற்றது' என்று இருக்கக் கூடாது. 'நடைபெற்றன' என்றே இருக்க வேண்டும். 'தலைவர் மற்றும் செயலாளர் வந்தார்' என்பதைவிடத் 'தலைவரும் செயலாளரும் வந்தனர்' என்பதே தமிழ். அச்சில் வருவதைப் பலர் பார்த்துப் பழகுவார்கள். அதில் கண்டிப்பு தேவை. சிவப்பு மையை நான் கீழே வைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன் என்னையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இது உண்மையாகவே வழுதானா? வழுவமைதியாக இருக்கலாம், இரு வழக்கும் உள்ள சொல்லாக இருக்கலாம். விதியின் பெயரும் காரணமும் சொல்ல முடியாவிட்டால் திருத்தும் முன் நூலைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இந்த எழுத்து எங்கே போகிறது? அச்சுக்கும் தேர்வுக்கும் போவதைத் திருத்துவது நம் கடமை. அம்மாவோ அப்பாவோ நண்பரோ நமக்கு எழுதுவது ஒரு பேச்சு. பேச்சுக்குப் பதில்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, என் திருத்தத்துக்குப் பிறகு அவர் மீண்டும் தமிழில் எழுதுவாரா? நம் உறுப்பினர்களில் தமிழ்ப்பள்ளிக்கே போகாமல், தேசியப்பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளைகள் மட்டும் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: ஆங்கிலம், மலாய், தமிழ். முதல் இரண்டில் எழுதினால் நாம் ஒன்றும் சொல்வதில்லை. தமிழில் எழுதினால் மட்டும் பிழை பார்க்கிறோம். பிறகு, கழகக் குழுவில் யாரும் தமிழில் எழுதுவதில்லை என்று கூட்டத்தில் குறைப்பட்டுக்கொள்கிறோம். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நான் என் வீட்டில்தான் கண்டேன்.

அப்பாவிடம் நான் நேரில் பேசினேன். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அப்படிப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. நன்னூலைக் காட்டி, ஆறில் நான் மூன்றைத் தப்பாகத் திருத்திவிட்டேன் என்றேன். 'வருகிறேன்' ஏன் சரி என்று விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப மூணு தப்பு நெசந்தானே, அதைச் சொல்லிக் குடு" என்றார். முயலையும் முயற்சியையும் எழுதிக் காட்டினேன். பயிற்சி எப்படி வரும் என்று அவரே சொன்னார்.

இந்தக் கட்டுரையில் அவருடைய செய்தியைச் சேர்க்கலாமா என்று பிறகு புலனத்தில் கேட்டேன். அவருடைய பதில் இது: "போடுடா. நாலு பேருக்கு உதவும். உன் முயற்சிக்கு வாழ்த்துக்கள்."

முயற்சி சரியாக இருந்தது. "நன்றி அப்பா" என்று பதில் எழுதினேன்.